சமூகப் புத்தாக்கத் தாள்: இரண்டாம் முறை எழுதித் தேறிய அனுபவம்

கடந்த வாரம் முடிவு வெளியானது. தொலைநிலைக் கல்வியில் நான் படிக்கும் எம்.பி.ஏ. பட்டத்தை ஓராண்டாகத் தடுத்து நிறுத்தியிருந்த சமூகப் புத்தாக்கத் தாளில் 67 மதிப்பெண் பெற்றுத் தேறியிருக்கிறேன். முதல் முறை கிடைத்தது 38. கோத்தகிரியில் எங்கள் வீட்டு வாசலில் நின்று மதிப்பெண்ணைப் பார்த்தபோது சிறிது நேரம் பேச்சே வரவில்லை. இதே தாளில் அரியர் வைத்திருப்பவர்கள் பலர் என்பதால், நினைவு மங்கும் முன் எழுதிவிடுகிறேன்.

பாடநூல் தேர்வுக்கு ஒன்பது நாள் முன்புதான் அஞ்சலில் வந்தது என்பதையே முதல் தோல்விக்குக் காரணமாக வெகுநாள் சொல்லிவந்தேன். அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை. ஆயினும் விடைத்தாளின் நகலை வாங்கிப் பார்த்தபோதுதான் உண்மைக் காரணம் விளங்கியது. எந்தக் கேள்விக்கும், பெரிய நிறுவனங்கள் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்னும் நிறுவனங்கள் சட்டம், 2013-இன் 135ஆம் பிரிவையே விடையாக எழுதியிருந்தேன்: முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காடு, பள்ளிக் கட்டடம், மருத்துவ முகாம், மரக்கன்று. அது ஈட்டிய லாபத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது. தாள் கேட்பதோ, ஏழை மக்களின் ஒரு சிக்கலைத் தீர்ப்பதையே ஒரு நிறுவனம் தன் தொழிலாக எப்படி நடத்துகிறது என்பதை. இந்த வேறுபாடு பிடிபடாமல் எத்தனை பக்கம் நிரப்பினாலும் பயனில்லை.

எனக்கு அது பிடிபட்டது அம்மாவின் கொழுந்துக் கணக்கு நோட்டில். எங்களுக்கு முக்கால் ஏக்கர் தேயிலை. எத்தனை கிலோ போட்டோம், கிலோவுக்கு என்ன விலை, பறிகூலி எவ்வளவு, உரக்கடை பாக்கி எவ்வளவு என்று அம்மா விடாமல் எழுதிவைப்பார். ஒரு மாலை அதன் பின்பக்கங்களில், பாடத்தில் வரும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அதேபோல் கணக்கெழுதத் தொடங்கினேன். பணம் கொடுப்பவர் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை கொடுக்கிறார், செலவு ஏறினால் அதை யார் தாங்குகிறார்? இந்த மூன்று கேள்விகளே இத்தாளுக்குப் போதும் என்று உறுதியாகச் சொல்வேன்.

கிராமீன் டானோனை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-இல் ஏழைகளுக்குச் சிறுகடன் தரும் வங்கியால் அறியப்பட்ட வங்கதேசத்தின் கிராமீன் குழுமமும் பிரான்சின் பால்பொருள் நிறுவனமான டானோனும் இணைந்து தொடங்கிய அந்நிறுவனம், வங்கதேச நகரமான போக்ராவில் ஆலை அமைத்து, குழந்தைகளுக்கென ஊட்டச்சத்து சேர்த்த ‘சக்தி தோய்’ என்னும் தயிரைச் செய்தது. கிராமத்துப் பெண்கள் அதை வீடு வீடாக விற்றார்கள். 2008-இல் பால் விலை ஏறியதால் தயிரின் விலையையும் உயர்த்த நேர்ந்தது. கிராம விற்பனை சரிந்தது. கிண்ணத்தின் அளவைக் குறைத்தும், டாக்கா நகரக் கடைகளில் விற்றும்தான் அது நிலைகொள்ள முடிந்தது. கொழுந்து விலை கிலோவுக்கு ஒரு ரூபாய் இறங்கினால் வீட்டில் என்னவாகும் என்பதை அறிந்த எனக்கு, இதை மனப்பாடம் செய்யும் தேவையே எழவில்லை.

மற்றவற்றுக்கு நோட்டில் இருந்தது இவ்வளவுதான்:

- எம்-பெசா (கைபேசி வழியாகப் பணம் அனுப்பும் சேவை), கென்யா, 2007. கடன் தவணை கட்டும் வழியாகச் சோதித்தார்கள். மக்களோ ஒருவருக்கொருவர் பணம் அனுப்பிக்கொண்டார்கள். திட்டமும் அப்படியே மாறியது. அனுப்பும்போது சிறு கட்டணம்.
- அரவிந்த் கண் மருத்துவமனை, மதுரை, 1976, 11 படுக்கைகள். கட்டணம் செலுத்துவோரால் இலவச சிகிச்சை நடக்கிறது. 1992-இல் அதன் லென்ஸ் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப், கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸின் விலை இறங்கியது.
- புராக்டர் அண்ட் கேம்பிளின் பியூர், தண்ணீரைத் தூய்மையாக்கும் பொடி. ஒரு பொட்டலம், 10 லிட்டர் தண்ணீர்.

கடைசியாகச் சொன்னதை அலட்சியம் செய்யாதீர்கள். பொடியைக் கலக்கி, தெளியவிட்டு, துணியில் வடிகட்டி, மறுபடியும் காத்திருக்க ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். தண்ணீர் தூய்மையானது; ஆனால் வணிகமாக அது நிற்கவில்லை. பின்னர் நிறுவனம் அதை லாப நோக்கமற்ற வழங்கலாக மாற்றியது. என் இரண்டாவது கேள்வியைப் பார்த்தால் தெரியும்: ஒருமுறை வாங்கியவர் மறுபடி வாங்காவிட்டால் தொழில் இல்லை. வினாத்தாளின் பகுதி இ-யில் நான் மிக நிறைவாக எழுதிய விடை இதுதான்.

நம் மலையிலிருந்தும் ஒன்றைச் சேர்த்தேன். 1993-இல் தொடங்கப்பட்டு, கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளையின் துணையோடு 2013-இல் உருவான ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம், காட்டுத் தேனையும் பிற விளைபொருள்களையும் விற்கிறது, 2021-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசைப் பெற்றது. மூன்றாவது கேள்விக்கு இங்கே விடையே வேறு: பழங்குடி மக்களே பங்குதாரர்கள் என்பதால் லாபமும் நட்டமும் அவர்களுடையவை.

குழுவாகப் படிக்காதீர்கள், பேச்சில் பாதி நேரம் போய்விடும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுதிப் பாருங்கள். பகுதி இ-யை முதலில் முடியுங்கள். ஊட்டியில் ஜனவரித் தேர்வு என்றால் உறைபனியில் விரல் மடங்காது. அரை மணி முன்னதாகப் போய்க் கையைச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

கிராமத்துப் பெண்கள் வழியாகச் சோப்பு போன்ற பொருள்களை விற்கும், நல்கொண்டாவில் தொடங்கிய இந்துஸ்தான் யூனிலீவரின் சக்தி திட்டம் பற்றிய கேள்வியை நான் தொடவில்லை. மகளிர் குழுப் பெண் ஒருவர் முதல் போட்டு எடுத்த சரக்கு விற்காமல் தங்கினால் யார் தாங்குவது என்ற இடம் என் நோட்டில் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அடுத்து எழுதுபவர்கள் அதை நிரப்பிக்கொண்டு போங்கள்.