டெக்சஸ் பள்ளி ஃபுட்பால்: எந்த அணிக்கு எந்த அடுக்கு?

டாலஸ் பக்கம் குடிவந்தால், ஆகஸ்ட் கடைசியிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு என்றாலே பள்ளிக்கூட ஃபுட்பால்தான் (நம் ஊர் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டு ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால்). ஆலன் ஊரில் பள்ளிப் பிள்ளைகள் ஆடும் ஸ்டேடியத்தில் 18,000 பேர் உட்காரலாம். சுமார் 6 கோடி டாலர் செலவில் கட்டி, 2012-இல் திறந்தார்கள்.

எங்கள் பையன் ஒன்பதாம் வகுப்பில் ஃப்ரெஷ்மேன் அணியில் சேர்ந்த பிறகு இந்த அடுக்குமுறை எனக்கு நன்றாகப் பிடிபட்டது. ஃப்ரெஷ்மேனுக்கு மேலே ஜூனியர் வார்சிட்டி என்ற இரண்டாம் நிலை அணி, அதற்கும் மேலே வார்சிட்டி என்ற பள்ளியின் முதன்மை அணி. சின்னவர்களுக்கு வியாழன் மாலை ஆட்டம். வேடிக்கை பார்க்க வருவது பெரும்பாலும் பெற்றோர்தான். ஹெல்மெட்டைக் கழற்றினால் நெற்றியில் பட்டை அழுந்திய தடம் சிவப்பாய்த் தெரியும். அதோடு வந்து பையன் ஸ்கோர் சொல்வான்.

பள்ளிகளை 1ஏ முதல் 6ஏ வரை பிரிப்பது யூ.ஐ.எல். என்ற, டெக்சஸ் பள்ளிப் போட்டிகளை நடத்தும் அமைப்பு. ஜெயித்தால் மேலே ஏற்றுவதும் இல்லை, தோற்றால் கீழே இறக்குவதும் இல்லை. பள்ளியில் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எண்ணிப் பார்த்து மாற்றி அமைப்பார்கள். 6ஏ பள்ளிகளில் இரண்டாயிரத்துக்கும் மேல் படிப்பார்கள். அங்கே ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டிலிருந்தும் (தங்களுக்குள் மோதும் பள்ளிகளின் குழு) நான்கு அணிகள் பிளேஆஃப் என்ற நாக்-அவுட் சுற்றுக்குப் போகும். அந்த நான்கில் பெரிய பள்ளிகள் இரண்டும் முதல் டிவிஷன், மற்ற இரண்டும் இரண்டாவது; டிவிஷனுக்கு ஒரு கோப்பை.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1ஏ. மொத்தப் பள்ளியிலேயே நூறு பேர் இருந்தால் பெரிது. பதினொரு பேரைத் திரட்ட வழியில்லாததால் ஆறு பேர் ஆட்டம். மைதானம் 80 கெஜம் நீளம், 40 கெஜம் அகலம். ஃபர்ஸ்ட் டவுனுக்கு, அதாவது பந்தைத் தொடர்ந்து தங்களிடமே வைத்துக்கொள்ள முன்னேற வேண்டிய தூரத்துக்கு, வழக்கமான பத்து கெஜம் போதாது, பதினைந்து வேண்டும். ஆறு பேரில் யார் வேண்டுமானாலும் பாஸ் பிடிக்கலாம் என்பதால் ஸ்கோர் மளமளவென்று ஏறும். பாதி ஆட்டம் முடிந்த பிறகு 45 புள்ளி வித்தியாசம் வந்தால் அத்தோடு முடித்துவிடுவார்கள். ஆள் குறைவு என்பதற்காக ஒரு கிராமத்துப் பிள்ளையை இவர்கள் ஒதுக்கவில்லை. அவனுக்கென்று ஒரு மாநிலக் கோப்பையே வைத்திருக்கிறார்கள். இதைப் பெரிய நியாயமாகவே நினைக்கிறேன்.

கல்லூரியில் கதை வேறு. கல்லூரி விளையாட்டின் மூன்றாம் அடுக்கான டிவிஷன் மூன்றில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது, படிப்புக்குக் கிடைக்கும். பெற்றோர் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

மாநில இறுதி ஆட்டங்கள் டிசம்பரில் ஆர்லிங்டனில், டாலஸ் கவ்பாய்ஸ் என்ற தொழில்முறை அணி ஆடும் அதே மைதானத்தில். ஆறு பேர் இறுதி ஆட்டமும் அங்கேதான். இந்த வருஷம் குடும்பத்தோடு அதற்குப் போகிறோம்.