கழற்றி வைத்த இடம்

கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள் இரவு ஏழரை மணிக்கு அக்கா மகன் வீடியோவில் கூப்பிட்டான். கனடாவில், ஒன்டாரியோ பக்கம் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறான். அங்கே அப்போது காலை ஒன்பது. அவனுக்குப் பின்னால் எல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. “மாமா, டிராக்டருக்குப் பின்னாடி பனி அள்ளி வீசுற மிஷினை மாட்டணும். அரை மணி நேரமா மல்லுக்கட்டுறேன், வலது லிங்க் பின்னுல ஏறவே மாட்டேங்குது” என்றான்.

அந்தப் பனியை நான் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் காரைக்குடிப் பக்கம் மார்கழி விடியலில் மூடுபனி இறங்கினால் அதுவே அதிகம். ஆனால் இருபத்திரண்டு வருடமாக டிராக்டர் ஓட்டுகிறேன். நடவுக்குச் சேறடிக்கும் தொளி உழவுக் காலத்தில், மண்ணைக் கிளறும் சுழல் கலப்பையான ரோட்டவேட்டரை மாட்டுவதும் கழற்றுவதுமே பாதி வேலை. அவன் போனைத் திருப்பிக் காட்டியதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. டிராக்டரின் பின்னால் மிஷினின் பின்னில், அதாவது இரும்பு முளையில், மாட்டும் கைகள்தான் லிங்க்: கீழே இரண்டு, மேலே ஒரு டாப் லிங்க். 1939-ல் ஃபோர்டு டிராக்டரில் வந்த ஹாரி ஃபெர்குசனின் அதே மூன்று முனை இணைப்பு. நம் கொல்லையில் நிற்பதும் அதுதான்.

“மிஷினைக் கொஞ்சம் தள்ளி நின்னு காட்டு மாப்ளே” என்றேன். இரும்புப் பெட்டி வலது பக்கம் நாலு விரற்கடை சாய்ந்து நின்றது. போன குளிர்காலம் முடிந்து கழற்றியவர்கள் வெறும் மண்ணில் விட்டுப் போயிருக்கிறார்கள். மண் இளகியபோது ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. இப்போது தரை உறைந்து அதை இறுகப் பிடித்துக்கொண்டது. லிங்க் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அந்தச் சாய்வு எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் செம்மண் கோடையில் கடப்பாரை இறங்காத கட்டாந்தரை. ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்தால் கால் புதையும். தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம், புதுவயல் பக்கம் ஒரு வயலோரத்தில் அப்படிப் புதைந்து சாய்ந்த ரோட்டவேட்டரை மாட்டப் போனேன். கண்மாய்த் தண்ணீர் முறை எங்களுக்கு அன்று ஒரு நாள்தான். அந்த அவசரத்தில் இன்ஜினை நிறுத்தாமல், ஒரு பையனை சீட்டில் உட்காரவைத்து, நான் நடுவில் நின்று லிங்க்கைக் கையால் இழுத்தேன். “இன்னும் கொஞ்சம் வாடா” என்றேன். அவன் ஒரு சாண் வந்துவிட்டான். என் இடது கை நடுவிரல் பின்னுக்கும் லிங்க்குக்கும் நடுவே போயிற்று. அந்த விரல் இன்றும் முழுதாக மடங்காது. தப்பு அந்தப் பையன் மேல் இல்லை. வண்டி ஓடும்போது நடுவில் நின்றது நான். அந்த ரோட்டவேட்டரைச் சேற்றில் விட்டுப் போனதும் நான்தான்.

அதனால் மருமகனிடம் முதலில் சொன்னது, இன்ஜினை நிறுத்து, சாவியைப் பையில் போடு. அப்புறம் மிஷினைச் சுற்றி உறைந்திருந்ததைக் கடப்பாரையால் கொத்தச் சொன்னேன். நெம்பி நிமிர்த்தி, அடியில் பலகை கொடுத்து மட்டமாக்க இருபது நிமிடம் ஆனது. பிறகு அவனே ஏறி மெதுவாகப் பின்னால் வந்து, நிறுத்தி, இறங்கினான். இடது லிங்க் முதலில், வலது பிறகு. வலது பக்கம்தான் ஏற்றி இறக்கிச் சரிசெய்யக் கைப்பிடி உண்டு. டாப் லிங்க் கடைசி. இந்த முறை எல்லாம் இடித்துத் தள்ளாமல் உட்கார்ந்தன.

இன்ஜினின் சுழற்சியை மிஷினுக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டில்தான் அவனுக்குப் பொறுமை போனது. ஆறு பல்லுக்கு நடுவே ஐஸும் பழைய கிரீஸும் கல்லாக இறுகியிருந்தன. சுத்தியலை எடுக்கப் போனான், தடுத்தேன். ஆணியால் சுரண்டி, துணியால் துடைத்து, புதுக் கிரீஸ் தடவி, பூட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஷாஃப்ட்டை லேசாகத் திருப்பினால் பல்லோடு பல் தானாகச் சேரும். சேர்ந்தது. “டக்” என்ற சத்தம் எனக்கு இங்கே கேட்டது. “சத்தத்தை நம்பாதே, பின்னுக்கு இழுத்துப் பார்” என்றேன். இழுத்தான், வரவில்லை. மேலே உள்ள பிளாஸ்டிக் உறைக்குச் சங்கிலியும் மாட்டவைத்தேன். அந்த ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது ஒரு நொடிக்கு ஒன்பது. துண்டு நுனியோ கோட்டு நுனியோ பட்டால் கையை எடுக்க நேரமே இருக்காது. எங்கள் பக்கம் உடைந்த உறையைக் கழற்றி எறிந்துவிட்டு அப்படியே ஓட்டுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

பனி அடைத்துக்கொண்டால் கையை விடாதே, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கட்டையால் குத்து என்றும் சொன்னேன். ரோட்டவேட்டர் கத்தியில் வைக்கோல் சுற்றினாலும் நாங்கள் அப்படித்தான் எடுக்கிறோம்.

போனை வைக்கப் போனவன், “பங்குனி சித்திரையில கழட்டும்போது அடியில என்ன போடலாம் மாமா?” என்று கேட்டான். போனைக் கொல்லைப் பக்கம் திருப்பிக் காட்டினேன். எங்கள் ரோட்டவேட்டர் இரண்டு உத்தரத் துண்டுகள் மேல் மட்டமாக நின்றது. செட்டிநாட்டு வீடு ஒன்றை இடித்த இடத்தில், அறுத்தது போக மிஞ்சியதை வாங்கி வந்தேன். பர்மாத் தேக்கு, ஒன்பது மழைக்காலம் கண்டும் உளுக்கவில்லை.

“இங்க தேக்குக்கு எங்க போறது? பைன் பலகைதான் கிடைக்கும்.”

“அது போதும். ஒரு முழம் அகலம் இருக்கட்டும், ரெண்டு பக்கமும் ஒரே கனத்தில் போடு” என்றேன்.