ஐந்தாயிரம் வோல்ட்டும் பத்து விநாடியும்

ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் சிறிய நிறுவனம், ஆய்வகங்களுக்கான ஹை வோல்டேஜ் பவர் சப்ளை தயாரிக்கிறது. 230 வோல்ட் வாங்கி 5,000 வோல்ட் டிசி தரும் பெட்டி. அதற்கு சிஇ முத்திரை, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளுக்குப் பொருந்துகிறது என்று காட்டும் குறி, போடும் வேலை என்னிடம் வந்தது. இந்த வகைச் சாதனத்துக்கு முத்திரையை யாரும் தருவதில்லை. தயாரிப்பாளரே சோதித்து, கோப்பு தயாரித்து, கையெழுத்துப் போட்டு ஒட்ட வேண்டும்.

முதல் குழப்பம் சட்டத்தில். 2014/35/ஈயூ எனும் ஐரோப்பியத் தாழ்மின்னழுத்த உத்தரவின் உச்சவரம்பு டிசியில் 1,500 வோல்ட்தான். அப்படியானால் நம் பெட்டி அதில் வராதோ? வரும். உள்ளீடு 230 வோல்ட் என்பதே போதும். அப்புறம் ஆய்வகச் சாதனங்களின் பாதுகாப்புக்கான ஈஎன் 61010-1 தரநிலையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நாங்களே சோதிக்கலாம் என்றாலும் வெளி லேபுக்கு அனுப்பினோம். நல்லவேளை. சோதனையாளர் பிளக்கைப் பிடுங்கினார், ஸ்டாப்வாட்சை அழுத்தினார், பத்தாவது விநாடியில் வெளியீட்டு சாக்கெட்டில் அளந்தார். 1,600 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. உள்ளே மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். அதை வடிக்க 100 மெகாஓமில் ஒரே ரெசிஸ்டர் வரிசை. தரநிலைப்படி அந்தப் பத்து விநாடிக்குள் மீதி மின்னூட்டம் 45 மைக்ரோகூலோமுக்குள் இறங்கியிருக்க வேண்டும். எங்களுடையது அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். "ஒரு நிமிடம் காத்திருக்கவும்" என்று கையேட்டில் எழுதியிருந்தோம். ஸ்க்ரூடிரைவர் மாதிரி எந்தக் கருவியும் இல்லாமல் கை போகும் இடத்துக்கு அந்த எச்சரிக்கை செல்லாது என்றார் சோதனையாளர்.

எனக்கு அதைவிடப் பெரிதாக உறைத்தது வேறு. அந்த வரிசையில் ஒரே ஒரு ரெசிஸ்டர் அறுந்தால், மின்னூட்டம் வடிய வழியே இல்லை. கேபிளைக் கழற்றும் மாணவருக்கு அது தெரியவும் வராது. வடிவமைப்பில் கையெழுத்துப் போட்டவன் நான். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

சரி, மாற்றினோம். 5 மெகாஓம் ரெசிஸ்டர் ஆறாறாக இரண்டு வரிசை, தனித்தனிப் பாதையில். 5,000 வோல்ட்டில் ஒவ்வொரு வரிசையும் கிட்டத்தட்ட 0.8 வாட் சூடாகும். அதற்குக் காற்றோட்டமும் பார்க்க வேண்டியிருந்தது.

மறுசோதனையில் ஒரு வரிசையை வெட்டிவிட்டே அளந்தார்கள். பத்து விநாடியில் 180 வோல்ட்டுக்கும் கீழே, 18 மைக்ரோகூலோமுக்குள். வெட்டிய அந்த வரிசையின் படத்தையும் பத்தாண்டு பத்திரப்படுத்த வேண்டிய கோப்பில் சேர்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.