ஜூரோங் பாறைக்குப் பேரு வச்ச கதை

சிங்கப்பூர்ல ஏதுய்யா பாறை, எல்லாம் கான்கிரீட்தானேன்னு கேக்குறவங்களுக்காக இந்தப் போஸ்ட். ஜூரோங், பாசிர் பாஞ்சாங், மவுண்ட் ஃபேபர், செந்தோசான்னு மேற்கு தெற்குப் பக்கம் பூரா அடியில கிடக்குறது பெரும்பாலும் டிரையாசிக் காலத்து வண்டல் பாறைதான். இருபது கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு, டைனோசரே அப்பதான் தலைகாட்ட ஆரம்பிக்குது.

நான் சாயில் இன்வெஸ்டிகேஷன் வேலையில இருக்கேன், அதாவது கட்டுறதுக்கு முன்னாடி நிலத்துக்கு அடியில என்ன இருக்குன்னு பாக்குற வேலை. போர்ஹோல்ல (நிலத்துல போடுற துளை) வர்ற கோரை (உருளையா வெட்டியெடுத்த பாறைத் துண்டு) பாத்து லாக், அதாவது எந்த ஆழத்துல என்ன இருக்குங்கிற பதிவு, எழுதுறது பொழப்பு. பாறைக்குப் பேரு வைக்கிறதுக்குன்னு ஒரு முறை இருக்கு, கண்டுபிடிச்ச ஆளு பேரெல்லாம் செல்லாது, அந்தப் பக்கத்து ஊரு, தீவு, மலை பேருதான். கூடவே என்ன கல்லு, மேல என்ன, கீழ என்ன, எங்க போனா இதைப் பாக்கலாம்னு ஒரு இடத்தைக் கைகாட்டணும். நம்ம ஊர்ல அங்கதான் சிக்கலே, கைகாட்ட வேண்டிய இடத்துல ஒண்ணு வீட்டு புளோக் நிக்கும், இல்லன்னா ஃபேக்டரி நிக்கும். லாப்ரடார் பாறைச் சரிவு, சிலோசோ கோட்டைப் பக்கம்னு சில இடம்தான் வெளிய தெரியுது. மீதிக்கு போர்ஹோல் கோர்தான் சாட்சி.

1976ல பொதுப்பணித்துறை போட்ட அறிக்கையில மட்ஸ்டோன் (சேறு இறுகின கல்லு), சாண்ட்ஸ்டோன் (மணல் இறுகின கல்லு), கூழாங்கல் பாறை, எரிமலைச் சாம்பல் பாறைன்னு எல்லாத்தையும் ஜூரோங் ஃபார்மேஷன்னு (ஃபார்மேஷன்னா ஒரே பேருல வர்ற பாறைத் தொகுதி) ஒரே பைக்குள்ள போட்டுட்டாங்க. 2019ல பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனமும் இங்க கட்டட, கட்டுமான வேலைகளைப் பாத்துக்கிற பிசிஏ ஆணையமும் சேர்ந்து செஞ்ச வேலை வெளிவந்துச்சு, ஆழமான போர்ஹோல் கோரை உக்காந்து பாத்து, ஸிர்கான் படிகத்துல இருக்கிற யுரேனியம், ஈயத்தை வச்சு வயசும் கணக்குப் போட்டு, பையை அவுத்துட்டாங்க. இப்ப ஜூரோங்கிறது குரூப், அதாவது பல ஃபார்மேஷன் சேர்ந்த கூட்டம். அதுக்குள்ள துவாஸ், பாண்டான், பூன் லே, புலாவ் ஆயர் சாவான்னு நாலு ஃபார்மேஷன், செந்தோசா தனி குரூப், அதுல தஞ்சோங் ரிமாவ், ஃபோர்ட் சிலோசோன்னு ரெண்டு. இதுல ஆயர் சாவான் தீவே இப்ப தனியா இல்ல, கடலைத் தூர்த்து ஜூரோங் தீவோட சேத்தாச்சு, பேரு மட்டும் பாறையில ஒட்டிக்கிச்சு.

என்னைக் கேட்டா பேரை விட விவரிக்கிறதுதான் கஷ்டம். ஊர்லேருந்து புதுசா வந்த தம்பி கோர் பாக்ஸைப் பாத்துட்டு "அண்ணே, இது மண்ணா கல்லாண்ணே?"ன்னு கேட்டான். நல்ல கேள்விதான், ஏன்னா நம்ம சூட்டுக்கும் மழைக்கும் பாறை மேலேருந்து மக்கிக்கிட்டே வருது, எஸ் ஒன்னு லாக்ல போட்டா புதுக் கல்லு, எஸ் சிக்ஸுன்னா முழுசா மண்ணு, நடுவுல எங்க கோடு போடுறதுங்கிறதுல ஆளுக்கொரு கருத்து. தண்ணி தெளிச்சுத்தான் கலர் பாக்கணும், காஞ்ச கோர் எல்லாமே சாம்பலாத் தெரியும், நனைச்சதும் ஊதா கலந்த சிவப்பு பளிச்சுன்னு வரும், அது இரும்பு துருப்பிடிச்ச நிறம். மட்ஸ்டோனை அப்படியே வெயில்ல விட்டா சாயந்திரத்துக்குள்ள வெடிச்சு உதிர ஆரம்பிச்சிடும், அதனால முதல்ல ஃபோட்டோ. அப்புறம் டேப்பை வச்சு பத்து சென்டிமீட்டருக்குக் குறையாத துண்டுகளை மட்டும் கூட்டி, ட்ரில் பண்ண நீளத்தால வகுத்தா ஆர்க்யூடி, பாறை எவ்வளவு உடையாம நல்லா இருக்குன்னு காட்டுற எண். ட்ரில் பண்ணும்போது உடைஞ்ச துண்டுகளை ஒண்ணாச் சேர்த்து ஒரே துண்டா அளக்கலாம், இயற்கையா விரிசல் விட்டதை அப்படிச் சேர்க்கக்கூடாது, ரெண்டையும் பிரிச்சுப் பாக்குறதுக்குத்தான் கண்ணு பழகணும்.

சந்தேகமா இருந்தா ஒரு சொட்டு நீர்த்த ஆசிட், பொங்குச்சுன்னா சுண்ணாம்பு, பாண்டான் ஃபார்மேஷனா இருக்கலாம், உடனே எஞ்சினியருக்கு ஃபோன் போடணும். சுண்ணாம்புக்கல் தண்ணியில கரைஞ்சு உள்ள பொந்து விழும், பைல் (அஸ்திவாரத்துக்கு ஆழமா இறக்குற தூண்) அதுல இறங்குனா செலவு எங்கேயோ போயிடும்.

2014ல திறந்த ஜூரோங் ராக் கேவர்ன்ஸ், கடலுக்கு அடியில எண்ணெய் சேமிக்கிற குகை, அதைக் குடைஞ்சதும் இந்த வண்டல் பாறையிலதான்.

சைட்ல இன்னும் எல்லாரும் ஜூரோங் ஃபார்மேஷன்னுதான் சொல்றோம். எங்க லாக் டெம்ப்ளேட்லயும் பழைய பேருதான் இருக்கு, நான் புதுப் பேரை ரிமார்க்ஸ்ல எழுதி விட்டுடுறேன், இதுவரைக்கும் யாரும் அடிக்கல.