பூஜ்யத்தை நம்பிப் போன மூன்று வாரம்

பல்செட்டை ஊறவைக்கும் கிருமிநாசினிகள் அதன்மேல் படியும் கேண்டிடா பூஞ்சையின் பயோஃபிலிமை (பசையோடு ஒட்டிய செல் படலத்தை) எந்த அளவுக்குக் கொல்கின்றன என்பதுதான் என் ஆய்வேட்டுத் தலைப்பு. சீனியர்கள் எல்லாரும் "ஈஸியான தலைப்பு" என்றார்கள். அக்ரிலிக் வில்லை செய், அதில் பூஞ்சையை வளர், கரைசலில் முக்கு, எண்ணு. அந்த எண்ணும் இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

நெறிமுறைக் குழுவின் அனுமதியும் ஏடிசிசி 90028 என்ற தரப்படுத்திய கேண்டிடா கல்ச்சரும் தொந்தரவில்லாமல் வந்துவிட்டன. முதல் அடி வில்லைகளில் விழுந்தது. 10 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனத்தில் அறுபது வில்லை. மணல்தாளில் தேய்த்து, மிச்ச மோனோமர் வெளியேற 48 மணி நேரம் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, ரொம்பப் பொறுப்பாக ஆட்டோகிளேவில் வைத்தேன். 121 டிகிரியை அக்ரிலிக் எங்கே தாங்கும்? பாதிக்குமேல் நெளிந்து வெளியே வந்தன. மறுபடி அறுபது செய்து, இந்த முறை எத்திலீன் ஆக்சைடு வாயுவில் கிருமிநீக்கம் செய்ய அனுப்பினேன்.

கலங்கலை வைத்துச் செல் எண்ணிக்கையைக் கணிக்கும் மெக்ஃபார்லண்ட் அளவுகோலிலும் ஒரு நாள் போனது. 0.5 என்றால் மில்லிலிட்டருக்குப் பதினைந்து கோடி என்று மனப்பாடமாக இருந்தது. அது பாக்டீரியாவுக்கு. ஈஸ்ட் செல் பெரிது. அதே கலங்கலுக்கு 10 லட்சம் முதல் 50 லட்சம் வரைதான் இருக்கும். என் கணக்கு முழுக்கத் தப்பு.

பூஞ்சை வில்லையில் ஒட்டுவதற்கு 90 நிமிடம், கழுவல், பிறகு ஆர்பிஎம்ஐ என்ற வளர்ப்பு ஊடகத்தில் 48 மணி நேரம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பூஞ்சை வில்லையில் மட்டும் வளராது, வில்லை கிடக்கும் தட்டுக் குழியின் சுவரிலும் அடியிலும் வளரும். சோதனைக்கு முன் வில்லையைப் புதுக் குழிக்கு மாற்றாவிட்டால் பிளாஸ்டிக் தட்டில் வளர்ந்ததையும் சேர்த்து அளப்பீர்கள்.

அப்புறம் கரைசல்கள். 0.5% ஹைப்போகுளோரைட், 2% குளோர்ஹெக்ஸிடின், கடையில் கிடைக்கும் பெராக்சைடு மாத்திரை, ஒப்பீட்டுக்கு வெறும் நீர். முதல் இரண்டிலும் பத்து நிமிடம், மாத்திரையில் அதன் உறையில் போட்டிருந்த நேரம். முக்கி எடுத்து, ஒரு முறை பிபிஎஸ் என்ற உப்புக்கரைசலில் அலசி, வோர்டெக்ஸ் கருவியில் குலுக்கிச் செல்களைப் பிரித்து, நீர்த்து, பூஞ்சை வளர்க்கும் சபோராட் அகார் தட்டுகளில் பரப்பினேன். 48 மணி நேரம் கழித்து இன்குபேட்டரைத் திறந்தால் குளோர்ஹெக்ஸிடின் தட்டுகள் பளிங்கு மாதிரி சுத்தம். படம் எடுத்து அனுப்பி, அன்றே முடிவுகள் பகுதியை எழுத உட்கார்ந்துவிட்டேன். மூன்று வாரம் இதே முறையில் எல்லா வில்லைகளையும் ஓட்டி முடித்தேன்.

வழிகாட்டி மேடம் தட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நீர்க்காத தட்டு காலி. பத்து மடங்கு, நூறு மடங்கு நீர்த்ததும் காலி. ஆயிரம் மடங்கு நீர்த்த தட்டில் மட்டும் ஆறு வெள்ளைக் காலனிகள்.

"இது என்னம்மா?"

"கன்டாமினேஷன் மேடம்."

"கேண்டிடா மாதிரியே கன்டாமினேஷனா? எல்லா வாரமும் இதே தட்டுலயா?"

உயிருள்ள செல்லை நிறமாற்றத்தால் காட்டும் எக்ஸ்டிடி சோதனையில் அதே வில்லைகள் லேசாக ஆரஞ்சு நிறம் காட்டியதையும் அவர்தான் நினைவுபடுத்தினார். செத்த செல் நிறம் மாற்றாது.

நடந்தது இதுதான். குளோர்ஹெக்ஸிடின் பத்து நிமிடத்தோடு வேலையை நிறுத்தவில்லை. அது அக்ரிலிக்கிலும் பயோஃபிலிமின் பசையிலும் ஒட்டிக்கொண்டு என்னோடு தட்டுவரை வந்திருக்கிறது. 2% கரைசலில் 50 மைக்ரோலிட்டர் தங்கினாலே 1 மில்லிகிராம். தனியாக மிதக்கும் கேண்டிடாவை அடக்க மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோகிராம் போதும். பிழைத்த செல்களை நான்தான் அகார்மேல் வைத்துக் கொன்றுகொண்டிருந்தேன். ஆயிரம் மடங்கு நீர்த்தபோதுதான் மருந்து வலுவிழந்து அந்த ஆறும் தலைகாட்டின.

தேவைப்பட்டது நியூட்ரலைசர், அதாவது ஒட்டிக்கொண்டு வரும் மருந்தைச் செயலிழக்க வைக்கும் பொருள். ஹைப்போகுளோரைட்டுக்குச் சோடியம் தயோசல்பேட், குளோர்ஹெக்ஸிடினுக்கு லெசித்தினும் ட்வீன் 80உம். இன்டென்ட் (பொருள் கேட்கும் சீட்டு) எழுதிக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். லெசித்தின் பட்டியலிலேயே இல்லை என்று ஸ்டோர் கீப்பர் திருப்பினார். பட்டியலில் சேர்க்கக் கடிதம் கொண்டு போனால், கடிதத்தில் கிரேடு போடவில்லை என்று மறுபடி திருப்பினார். மூன்றாவது முறை அவர் விடுமுறை. கடைசியில் பக்கத்து லேபில் டே-எங்லி பிராத் என்ற வளர்ப்பு ஊடகப் பொடி கால் பாட்டில் மிச்சம் இருந்தது. மூன்றும் அதிலேயே உண்டு. கெஞ்சி வாங்கினேன். ஊதா நிறத்தில் பார்க்கவே கலங்கலாக இருக்கும், அதைப் பார்த்து வளர்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்த முறை அவசரப்படவில்லை. பூஞ்சையே இல்லாத வெறும் வில்லையைக் குளோர்ஹெக்ஸிடினில் முக்கி, அலசி, பிபிஎஸ்ஸில் போட்டு, அதில் சுமார் நூறு கேண்டிடா செல்களை விட்டுப் பரப்பினேன். ஒன்றுகூட வளரவில்லை. அதையே பிராத்தில் செய்தபோது தொண்ணூற்றுச் சொச்சம். பிராத்தே செல்களைக் கொல்கிறதா என்று தனியாகவும் ஒரு தட்டு வைத்தேன், கொல்லவில்லை. ஆக மொத்தம் ஒன்பது தட்டு, இரண்டு நாள் வேலை. தொடக்கத்திலேயே செய்திருந்தால் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

ஹைப்போகுளோரைட் வைத்து வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. பாட்டிலில் 5% என்று போட்டிருப்பதை நம்பி நீர்க்காதீர்கள். திறந்து வெளிச்சத்தில் வைத்த பாட்டிலில் குளோரின் குறைந்துகொண்டே போகும். எங்கள் கிளினிக் பாட்டிலைப் பொட்டாசியம் அயோடைடு, தயோசல்பேட், ஸ்டார்ச் வைத்து டைட்ரேட் செய்தபோது 3%க்குச் சற்று மேலேதான் இருந்தது. ஹைப்போகுளோரைட்டையும் குளோர்ஹெக்ஸிடினையும் ஒரே பீக்கரில் ஊற்றிவிடவும் வேண்டாம். பழுப்பு நிற வீழ்படிவு வரும், எனக்கு வந்தது.

திருத்தி ஓட்டியபோது குளோர்ஹெக்ஸிடின் தட்டுகளில் காலனிகள் வந்தன. எண்ணக்கூடிய, நிஜக் காலனிகள். பூஜ்யத்தை விட அவற்றைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏற்கெனவே எழுதிவைத்த முடிவுகள் பகுதியை அப்படியே அழித்தேன்.

லெசித்தின் பாட்டில் ஆய்வேட்டைக் கொடுத்த மறுவாரம் ஸ்டோருக்கு வந்து சேர்ந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி, சீல் உடைக்காமல் ஜூனியரிடம் கொடுத்திருக்கிறேன்.