மாடுகளுக்கான தாது உப்புத் தொட்டி: எது நீடித்து உழைக்கும்?

மேய்ச்சல் நிலத்தில் வைக்கும் தாது உப்புத் தொட்டியை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அதன் கொள்ளளவையும் தகட்டின் கனத்தையும்தான் விசாரிக்கிறார்கள். எனக்கோ மூடி, இணைப்புகள், அடிப்பாகம் ஆகிய மூன்றுமே முக்கியமாகப் படுகின்றன. உள்ளிருக்கும் உப்பும் மழைநீரும் சேர்ந்து அரிப்பதாலும், வெளியிலிருந்து மாடுகள் முட்டி உருட்டுவதாலுமே தொட்டிகள் பாழாகின்றன. இந்த இரண்டையும் தாங்காத தொட்டி எவ்வளவு கனமாக இருந்தாலும் நிலைப்பதில்லை.

இரும்புத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். துத்தநாகம் பூசிய தகடு வெறும் இரும்பைவிட நன்றாகத் தாங்கும் என்பது உண்மையே. ஆனால் ஈர உப்பு அந்தப் பூச்சை விரைவாகத் தின்றுவிடும். பூசிய தகட்டை வெல்டிங் செய்தால், அந்த வெப்பத்தில் பற்றுவைத்த இடத்தின் பூச்சு எரிந்துபோகிறது. பழைய தொட்டி ஒன்றைக் கவனித்துப் பாருங்கள்: தகட்டின் நடுப்பகுதி பளபளப்பாகவே இருக்கும், பற்றுவைத்த கோட்டை ஒட்டி முதலில் வெண்மையான பொடி படிந்திருக்கும், அதற்குப் பிறகு பழுப்புக் கறை இறங்கியிருக்கும். ஆகவே இரும்பையே வாங்குவதானால், முழுவதும் செய்து முடித்த பிறகு பூச்சு ஏற்றப்பட்டதா என்று கேட்டு வாங்குவதே சரி.

பாலிஎத்திலீன் தொட்டியை உப்பு ஒன்றும் செய்யாது; அதற்குப் பகை வெயில்தான். புற ஊதாக் கதிர்களைத் தாங்குமாறு தயாரிக்கப்படாத பிளாஸ்டிக் வெளிறி, நொறுங்கும் தன்மையை அடைந்து, போல்ட் துளைகளைச் சுற்றித்தான் முதலில் விரிசல் விடும். ஒட்டுப்போடாமல் ஒரே வார்ப்பாகச் செய்யப்பட்டு, துளைகள் குறைவாகவும் சுவர் தடிமனாகவும் உள்ள தொட்டியையே நான் பரிந்துரைப்பேன். போல்ட்டுகள் துருப்பிடிக்காத எஃகாக இருப்பது அவசியம். விளிம்பையும் கையால் தடவிப் பாருங்கள். மாடு நாக்கால் நக்கியெடுத்துத் தின்னும் விலங்கு என்பதால், பிசிறு நிற்கும் விளிம்பு அதன் நாக்கைக் கிழித்துவிடும்.

மூடியின் அருமை மழைக்காலத்தில்தான் தெரியும். நனைந்த தாது உப்புக் கலவை கட்டிதட்டிப் பாறைபோல் இறுகிவிட்டால் மாடுகள் அதைத் தொடுவதில்லை; கலவையில் உள்ள வைட்டமின்களும் வீணாகின்றன. யூரியா கலந்த கலவையாக இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது, ஏனெனில் தொட்டியில் தேங்கிய நீரில் யூரியா கரைந்து, அதைக் குடிக்கும் மாடு நச்சுப்பட்டு இறக்கவும் கூடும். மாடு மூக்கால் தள்ளியதும் மேலெழும்பி, விட்டதும் தானே படியும் கனமான ரப்பர் மூடி, கீல் வைத்த தகட்டு மூடியைவிட நெடுநாள் உழைக்கும். முட்டினாலும் அது நெளிவதில்லை, துருப்பிடிக்க அதில் ஒன்றுமில்லை.

காளைகள் இருக்கும் மந்தையில் அடிப்பாகம் அகலமாகவும் எடை தாழ்வாகவும் அமைந்திருக்க வேண்டும். பழைய லாரி டயரை அடியாக வைப்பது நல்ல ஏற்பாடு. முட்டினால் நகரும், கவிழாது. ஆனால் உள்கம்பி வெளியே தெரியும் டயரை மட்டும் கட்டாயம் தவிர்க்க வேண்டும். உதிரும் கம்பித் துண்டை மாடு விழுங்கினால், அது இரண்டாம் இரைப்பையைத் துளைத்து இதயம்வரை போய்விடக்கூடும்.

கொள்ளளவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். வளர்ந்த மாடு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 முதல் 100 கிராம் வரை தின்னும்படியே பெரும்பாலான கலவைகள் தயாரிக்கப்படுகின்றன. 100 கிராம் என்றே வைத்துக்கொண்டாலும் 20 மாடுகளுக்கு நாளொன்றுக்கு 2 கிலோ போதும். 25 கிலோ மூட்டை ஒன்று 12 நாள் வரும். அதற்குமேல் கொள்ளும் தொட்டி சிறிய மந்தைக்குத் தேவையில்லை. அதே நிலத்தில் செம்மறி ஆடுகளும் மேய்ந்தால், தாமிரம் கலந்த மாட்டுக் கலவை அவற்றுக்கு நஞ்சாகும் என்பதால், ஆடுகளின் வாய்க்கு எட்டாத உயரத்தில் தொட்டியை நிறுத்த வேண்டும் அல்லது அவற்றைத் தனியே மேய்க்க வேண்டும்.