அப்பாவின் இடுப்பெலும்பையும் கேளுங்கள்

மாதவிடாய் நின்ற பெண்ணின் எலும்பு அடர்த்தியைப் பற்றிப் பேசும்போது, பெற்றோரில் யாருக்காவது இடுப்பெலும்பு முறிந்ததா என்று கேட்டே ஆக வேண்டும். முறிவு அபாயத்தைக் கணக்கிடும் ஃப்ராக்ஸ் (FRAX) என்ற கணிப்பானும் இதைக் கேட்கிறது. அம்மாவை மட்டும் விசாரித்துவிட்டு அப்பாவை விட்டுவிடுகிறார்கள். அது தவறு.

இரட்டையர் ஆய்வுகளின்படி, ஆளுக்கு ஆள் அடர்த்தி வேறுபடுவதில் 50 முதல் 80 சதவீதம் மரபு சார்ந்தது. இளமையில் எட்டும் உச்ச அடர்த்தியில்தான் அதன் பிடி இறுக்கம். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்தபின் எலும்பு கரையும் வேகத்தில் அவ்வளவு இல்லை.

1994-ல் ஓர் ஆஸ்திரேலியக் குழு, வைட்டமின் டி ஏற்பியின் (உயிரணுவில் அந்த வைட்டமினைப் பற்றிக்கொள்ளும் புரதத்தின்) மரபணுவே அடர்த்தி வேறுபாட்டுக்குப் பெரும் காரணம் என்று 'நேச்சர்' இதழில் எழுதியது. மரபணு வகைகளைக் குறித்ததில் பிழை என்று 1997-ல் அவர்களே திருத்தம் வெளியிட்டார்கள். இன்று தெரிவது நூற்றுக்கணக்கான மரபணு இடங்கள். ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். ஆகவே, ஒரே ஒரு மரபணுவைப் பார்த்துச் சொல்லும் பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள்.

அரிதான மரபணுக் கோளாறுகள் தந்த பாடம் பெரிது. எலும்பு வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதம் சுரக்காத தென்னாப்பிரிக்க ஆஃப்ரிகானர் (பெரும்பாலும் டச்சு வம்சாவளியினர்) குடும்பங்களில் எலும்பு அளவுக்கு மீறித் தடித்து வளர்ந்தது. அந்தப் புரதத்தைத் தடுக்கும் ரோமோசோசுமாப் என்ற எலும்பு வலுவூட்டும் ஊசிக்கு 2019-ல் அமெரிக்கா அனுமதி அளித்தது.

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனில் டி ஸ்கோர் (இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிடும் எண்) -2.5 அல்லது அதற்கும் கீழ் என்றால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய். முதுகெலும்பில் தேய்மானம் இருந்தால் அங்கே எண் பொய்யாக உயரும். இடுப்பின் எண்ணையும் பாருங்கள். அடுத்த முறையும் அதே இயந்திரத்திலேயே எடுங்கள், இல்லாவிட்டால் இரண்டையும் ஒப்பிட முடியாது.